எல்கடுவ மலையில் ஓர் ஆதாம்

மாத்தளையில் என்னை அழைத்துப் போக வந்தவரின் பெயர் ஆதம். நான் இலங்கைக்கு வந்ததே ஆதாமின் கதைக்காகத்தான் என்பதால், பெயரைக் கேட்டதும் சிரித்துவிட்டேன். அந்தப் பயணத்தில் நான் மனம்விட்டுச் சிரித்தது அந்த ஒரு தடவைதான் என்று இப்போது தோன்றுகிறது.

பாளையங்கோட்டையில் நாங்கள் ஒரு சிறிய குழுவாகச் சேர்ந்து, வேதக் கதைகளை அந்தந்த ஊர்ப் பேச்சில் ஒலிப்பதிவு செய்து கொடுக்கிறோம். படிக்கத் தெரியாதவர்களும் கண் மங்கியவர்களும் போனில் போட்டுக் கேட்பார்கள். மலையகத் தமிழில் முதல் கதையைப் பதிவு செய்ய என்னை அனுப்பியிருந்தார்கள். கடவுள் மண்ணைப் பிசைந்து முதல் மனிதனைச் செய்து, ஒரு தோட்டத்தில் குடிவைத்து, பிறகு அங்கிருந்து துரத்திய கதை. எல்கடுவ பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் செல்வராஜ் என்று, வேலையாட்களை மேற்பார்க்கிற கங்காணி ஒருவர் இருக்கிறார், கூப்பிட்டால் எதிர்மலையில் கொழுந்து எடுப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள், அப்படிப்பட்ட குரல் என்று அந்தப் பகுதிப் போதகர் சொல்லியிருந்தார். ஆதாமுக்கு அவர் குரல். ஏவாளுக்கு அவருடைய மனைவி ராணி.

ஆதம் மாத்தளை டவுன்காரர். பரம்பரை பரம்பரையாக அங்கே மிளகும் கராம்பும் வியாபாரம் செய்த முஸ்லிம் குடும்பம். இவர் மட்டும் ஆட்டோ ஓட்டுகிறார். அறுபதை நெருங்கியிருப்பார். நான் “அண்ணே” என்றதும், “எங்கட ஆக்கள் நானான்னு சொல்லுவாங்க மிஸ். நீங்களும் அப்படியே சொல்லுங்க” என்றார்.

மழை பெய்துகொண்டிருந்தது. மலை ஏறுவதற்கு முன் ஒரு கடையில் நிறுத்தி பாணும் பருப்பும் தேங்காய்ச் சம்பலும் வாங்கிக் கொடுத்தார். எங்கள் ஊரில் ரொட்டி என்றால் காய்ச்சல்காரனுக்கு. இங்கே பாணைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்து, காலை மாலை என்றில்லாமல் எல்லோரும் சாப்பிடுகிறார்கள். பால் விடாத தேநீரும் வந்தது. ஒரு வாய் குடிப்பதற்குள் பக்கத்து மேசையில் இரண்டு பேர் சிங்களத்தில் பேசுவதையும், ஆதம் நானா மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கேட்பதையும் கவனித்தேன்.

“என்ன சொல்றாங்க நானா?”

“ஒண்ணுமில்ல மிஸ். சாப்பிடுங்க.”

விடாமல் கேட்டேன். கடைசியில் சொன்னார். மேலே மண் இளகி நிற்கிறதாம். நேற்று ஒருவருடைய வாழைத் தோட்டம் வாழையோடு அப்படியே பத்தடி கீழே வந்து நிற்கிறதாம். வாழை ஒன்றுகூடச் சாயவில்லையாம்.

அதற்குப் பிறகு எனக்குப் பாண் இறங்கவில்லை. பாளையங்கோட்டையில் மழை என்றால் வாசலில் வந்து நின்று பார்ப்போம், ஆறு நிறைந்ததா என்று கேட்போம். மண் என்பது காலுக்குக் கீழே கிடக்கிற, கிடந்த இடத்தில் கிடக்கிற பொருள். அது எழுந்து நடக்கும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

ஏறும் வழியில் ஒரு வளைவில் ஆட்டோ திணறி நின்று, பிறகு மெதுவாகப் பின்னோக்கி நகரத் தொடங்கியது. “மிஸ், எறங்கி டயருக்கு ஒரு கல்லு வைங்க” என்றார் நானா, குரல் உயராமல். குதித்து, கையில் அகப்பட்ட கல்லை உருட்டி வைத்தேன். நிமிர்ந்தபோதுதான் நான் நின்ற இடத்துக்கு ஓரடி தள்ளி ரோடே இல்லை என்பதைப் பார்த்தேன். வெறும் வெள்ளை மூட்டம். ஏறி உட்கார்ந்து கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

“உங்களுக்குப் பயமே இல்லையா நானா?”

“பயம் இல்லாதவன் இந்த ரோட்டுல ஓட்டக் கூடாது மிஸ்.”

பேச்சை மாற்றத்தானோ என்னவோ, அவரே ஆதாமைப் பற்றி ஆரம்பித்தார். சுவர்க்கத்திலிருந்து ஆதம் நபி இறங்கியது இந்த நாட்டில்தான், தெற்கே அந்தப் பெரிய மலை உச்சியில்தான் என்று அவருடைய வாப்பா சொல்லுவாராம். “எறங்கினதும் என்ன செஞ்சிருப்பாங்கன்னு நெனைக்கிறீங்க? எங்கட வாப்பா சொல்லுவாரு, அழுதாங்களாம். நீங்க ஏவாள்னு சொல்ற ஹவ்வா உம்மா வேற நாட்டுல. பேச ஒரு மனுசன் இல்ல. மலை, இருட்டு, மழை. யோசிச்சுப் பாருங்க, உலகத்துலயே ஒரே ஆளு.”

யோசித்துப் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம்.

செல்வராஜும் ராணியும் லயத்தின் நடுக் காம்பராவில் இருந்தார்கள். நீளமான ஒரே கட்டடத்தை வரிசையாகத் தடுத்த அறைகள். மேலே தகரம். பின்பக்கம் நேராகத் தேயிலைச் சரிவு. அந்தச் சரிவில் கொஞ்சம் மேலே அவர்களுடைய மாட்டுக் கொட்டகை. செல்வராஜ் கட்டையான ஆள், கழுத்து இறுகிய ஆள். அவர் “வாங்க மிஸ்” என்றபோதே சுவர் அதிர்ந்தது. ராணி ஒல்லி. தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவள். என் காலில் ஏறியிருந்த அட்டைகளை உப்புத் தடவி உதிர்த்துவிட்டு, சுடச்சுட ரொட்டியும் மிளகாய்ச் சம்பலும் வைத்தாள். அன்று தகரத்தில் மழை விழுகிற சத்தத்தில் நான் சரியாகத் தூங்கவில்லை.

மறுநாள் பிள்ளைக் காம்பராவில் ஒலிப்பதிவு. மழையால் வேலை நின்றிருந்ததால் லயத்துச் சனம் பாதி அங்கே வந்து உட்கார்ந்துவிட்டது. நான் கதையைச் சொல்ல வேண்டும், செல்வராஜ் அதைத் தன் பேச்சில் திருப்பிச் சொல்ல வேண்டும். இதுதான் எங்கள் முறை.

கடவுள் ஒரு தோட்டத்தை உண்டாக்கினார் என்று ஆரம்பித்ததுமே ஒரு பெண் கேட்டாள். “எந்தத் தோட்டம்?”

ஏதேன் தோட்டம் என்றேன். அவர்களுக்குத் தோட்டம் என்றால் தேயிலைத் தோட்டம்தான். பிறகு கதை என் கையில் இல்லை. கடவுள் ஆதாமை அங்கே மண் வெட்டவும் காவல் இருக்கவும் போட்டார் என்று செல்வராஜ் சொல்ல, “பேர் பதிஞ்சாங்களா?” என்று ஒருவர் கேட்டார். “ஒரே ஆளுன்னா பெரட்டுல யாரு பேரைக் கூப்பிட்டாங்க?” என்றாள் இன்னொருத்தி. காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுப்பதைத்தான் அங்கே பெரட்டு என்கிறார்கள். எல்லோரும் சிரித்தார்கள். விலங்குகளுக்குப் பெயர் வைக்கிற இடத்தில் செல்வராஜ் தங்கள் மாட்டின் பெயரான ராசாத்தியையும் சேர்த்துச் சொன்னார். நான் அதை வெட்டவில்லை.

பழம் தின்ற பிறகு, வெயில் தாழ்ந்த நேரத்தில் கடவுள் தோட்டத்தில் நடந்து வருகிறார் என்றேன். சிரிப்பு நின்றது.

“துரை ரவுண்டு வாற மாதிரி” என்றாள் முதலில் கேட்ட அதே பெண், மெதுவாக.

கடவுள் கூப்பிடுகிறார். எங்கே இருக்கிறாய் என்று கேட்கிறார். ஆதாம் பதில் சொல்ல வேண்டும். செல்வராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டு, எதிர்மலைக்குக் கேட்கும்படி முழங்கினார். “நீங்க வாற சத்தம் கேட்டுச்சு. எனக்குப் பயமா இருந்துச்சு. அதான் ஒளிஞ்சுக்கிட்டேன்.”

கருவியில் முள் சிவப்புக்குப் போய் ஒட்டிக்கொண்டது. இன்னொரு முறை கேட்டேன். அதே முழக்கம். மூன்றாவது தடவை ராணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“பயந்தவன் இப்படியா கத்துவான்?”

“எனக்கு இப்படித்தான் வரும்.”

“பயந்த மாதிரி வராதுல்ல” என்றாள் ராணி. சிரிப்பு முகத்தை விட்டுப் போயிருந்தது. என் பக்கம் திரும்பினாள். “பயமா இருக்குன்னு இவரு வாயால நான் கேட்டதே இல்ல அக்கா. கொட்டகைக்கு மேல நெலம் வெடிச்சுக் கெடக்கு. பாத்துட்டு வந்து ஒரு வார்த்தை சொல்லல. சோறு போடுன்னு உக்காந்தாரு.”

அங்கிருந்தவர்கள் எல்லோரும் செல்வராஜைப் பார்த்தார்கள். அவர் எழுந்தார். “ஆபீசுல இருந்து வந்து பாத்துட்டுத்தானே போனாங்க? கங்காணியே மூட்டையக் கட்டினா சனம் என்ன செய்யும்? இத விட்டா போறதுக்கு எடம் எங்க இருக்கு?” என்றார். சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கிப் போய்விட்டார். அன்றைக்கு ஒலிப்பதிவு அத்தோடு நின்றது.

மூன்றாம் நாள் காலையில் ராணி என்னைக் கூட்டிப்போய் அந்த வெடிப்பைக் காட்டினாள். கொட்டகையைத் தாண்டி, தேயிலைச் செடிகளுக்கு நடுவே, தரை ஒரு பக்கம் சற்றுத் தாழ்ந்து, நீளமாக உதடு பிரிந்ததுபோல் கிடந்தது. கை நுழையும். மேலேயிருந்து ஓடிவந்த மழைத் தண்ணீர் அதற்குள் போய்க்கொண்டிருந்தது. அவ்வளவு தண்ணீரும் சத்தமே இல்லாமல் போனது. உள்ளே எங்கேயோ விழுகிறது, நிறைகிறது, ஆனால் ஒரு சொட்டுச் சத்தம் இல்லை. காலுக்குக் கீழே எவ்வளவு தூரம் வெற்றிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. ராணியின் கையைப் பிடித்துக்கொண்டு, தரையை அழுத்தி மிதிக்கவும் பயந்து, திருடியைப்போல் இறங்கி வந்தேன். வந்ததும் ஆதம் நானாவுக்குப் போன் செய்து, இன்றைக்கே வந்து என்னைக் கீழே கொண்டுபோகச் சொன்னேன். ராணி அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில்தான் நின்றாள். என் துணிகளை மடித்துக் கொடுத்தாள்.

மதியத்துக்கு மேல் கிராம சேவகர் நனைந்துகொண்டே வந்து, லயத்தை உடனே காலி செய்து கீழே ரோட்டோரம் இருக்கிற பாடசாலைக்குப் போகும்படி சொன்னார். செல்வராஜ் மறுபேச்சுப் பேசவில்லை. காம்பரா காம்பராவாகப் போய்க் கதவைத் தட்டி எல்லோரையும் கிளப்பினார். படுத்த படுக்கையாகக் கிடந்த ஒருவரை நாற்காலியோடு தூக்க வைத்தார். கடைசி ஆள் இறங்கியதும், “நீங்க முன்னுக்குப் போங்க. மாட்டை அவுத்துவிட்டுட்டு வாறேன்” என்று சரிவில் ஏறினார்.

“மாடு கெடக்குது, வாங்க” என்றாள் ராணி.

அவர் கையை மட்டும் ஆட்டினார். மூட்டம் அவரை மூடியது.

நாங்கள் பாடசாலைக்குப் போகிற வழியில் ஒரு சின்னப் பாலத்தருகே வந்திருப்போம். பெரிய லொறியிலிருந்து கருங்கல் கொட்டுவதுபோல ஒரு சத்தம். இடி என்று நினைத்தேன். இடி என்றால் முடிந்துவிடும். இது முடியவில்லை. பாதத்தின் வழியாக உடம்புக்குள் ஏறியது. மூட்டம் ஒரு நிமிடம் கிழிந்தது. சரிவில் உயரமான மரங்கள் மூன்று நான்கு, நின்ற நிலையிலேயே, யாரோ கூட்டிப்போவதுபோலக் கீழே நடந்து வந்தன. பிறகு மறுபடியும் வெள்ளை. பச்சை வேர் கிழிந்த வாசனையும், புதுக்குழி வெட்டினால் வருகிற வாசனையும் வந்தன. அதன் பிறகு மழைச் சத்தம்கூடக் கேட்காதது போல ஒரு அமைதி.

ஓட வேண்டும் என்று தோன்றியது. கீழே, தார் ரோட்டுக்கு, மாத்தளைக்கு, கடலைத் தாண்டி என் ஊருக்கு. கால் வரவில்லை. வாய்க்குள் ஜெபம் சொல்லப் பார்த்தேன். வார்த்தை ஒன்றுகூட அகப்படவில்லை.

ராணி பாலத்துக் கட்டையைப் பிடித்துக்கொண்டு மேல்நோக்கிக் கூப்பிட்டாள். “என்னங்க… எங்க இருக்கீங்க?”

பதில் இல்லை.

“என்னங்க… எங்க இருக்கீங்க?”

புருஷன் பெயரை அவள் வாயால் சொன்னதில்லை. கூப்பிடக் கூப்பிடக் குரல் உடைந்தது. எதிர்மலைக்குக் கேட்கிற குரலுடைய மனிதர், கேட்டிருந்தால் பதில் சொல்லாமல் இருப்பாரா? இதை எல்லோரும்தான் நினைத்தோம், யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஏறப் போனவளை இரண்டு பெண்கள் இடுப்பில் பிடித்துக்கொண்டார்கள். மூட்டத்துக்குள்ளிருந்து ஏதோ வருவது தெரிந்தது. மாடு. முட்டிவரை சேறு, அறுந்த கயிறு கழுத்தில் தொங்க, தனியாக வந்தது. அதைப் பார்த்ததும் ராணி ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அந்த நேரத்துக்குத்தான் ஆதம் நானா என்னைக் கூட்டிப்போக வந்து சேர்ந்தார். விஷயத்தைக் கேட்டார். ஆட்டோவுக்குள்ளிருந்து சாமான் கட்டுகிற கயிற்றை எடுத்து, “நாலு பேர் வாங்க. மண்ணு மேல கால் வைக்காதீங்க, ஓரத்தால போவோம்” என்றார். ஓதிக்கொண்டே முன்னால் நடந்தார். அவர் முகம் சாம்பல் பூத்திருந்தது.

அவர்கள் திரும்பி வர எவ்வளவு நேரமானது என்று எனக்குத் தெரியாது. நான் ராணியின் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

செல்வராஜ், மண் வந்த பாதைக்கு ஆறடி தள்ளி, தேயிலைக்கு நடுவே தண்ணீர் ஓட வெட்டிய கானுக்குள் இருந்தாராம். குந்தி உட்கார்ந்து, ஒரு தேயிலைத் தூரை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்தாராம். விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது என்றார் ஆதம் நானா. சட்டையும் இடுப்பில் கட்டியிருந்த சாரமும் மண்ணோடு போய்விட்டன. தலை முதல் கால்வரை செம்மண் அப்பி, அப்போதுதான் பிசைந்து எடுத்த ஆள்போல வந்தார். நானாவின் மழைக்கோட்டு அவர் மேல் இருந்தது. கண் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. காயம் என்று பெரிதாக எதுவும் இல்லை.

ராணி அவருடைய முகத்துச் சேற்றை முந்தானையால் துடைத்தாள். வாயைத் துடைத்தபோதுதான் கேட்டாள். “கூப்பிட்டேனே, கேக்கலையா?”

“கேட்டுச்சு” என்றார். ரகசியம் சொல்வதுபோல இருந்தது. “ஒவ்வொரு தரமும் கேட்டுச்சு. சத்தம் போட்டா மண்ணு திரும்பி வந்துருமோன்னு… பயத்துல வாய் தொறக்கல, ராணி.”

அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. அவளும் கேட்டதில்லை என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

ரோடு அடைபட்டுவிட்டதால் ஆதம் நானாவும் நானும் அன்று பாடசாலையிலேயே தங்கினோம். வகுப்பறை மேசைகளைச் சேர்த்துக் குழந்தைகளைப் படுக்க வைத்தார்கள். யாராவது நாற்காலியை இழுத்தால்கூட எல்லோரும் எழுந்து உட்கார்ந்தோம். பருப்புச் சோறு வந்தது. செல்வராஜ் சுவரோரம் போர்வைக்குள் உட்கார்ந்திருந்தார். சாப்பிடவில்லை. கண்ணை மூடவும் இல்லை.

நான்காம் நாள் மழை விட்டது. வெயில் வந்ததும் மலை ஒன்றுமே நடக்காததுபோலப் பச்சைப்பசேலென்று நின்றது. அதன் நடுவே தோலுரித்த சிவப்பாக ஒரு பட்டை. லயம் அப்படியே நின்றிருந்தது. கொட்டகைதான் இல்லை. பத்து மணிவாக்கில் தோட்டத்து அதிகாரி ஒருவர் சப்பாத்தில் சேறு படாமல் பார்த்துக் கால் வைத்து வந்தார். வர வேண்டியது வந்துவிட்டது, இனிப் பயமில்லை, லயத்துக்குத் திரும்பலாம், நாளைக் காலை பெரட்டு என்றார்.

பெண்கள் மூட்டைகளைக் கட்டத் தொடங்கினார்கள். யாருக்கும் போக மனமில்லை. ஆனால் யாரும் பேசவில்லை. ஆண்கள் தலையைக் குனிந்துகொண்டு, ஓரக்கண்ணால் கங்காணியைப் பார்த்தார்கள். அவர் எழுந்தால் எழுவார்கள். எனக்கு அந்த வெடிப்பும் அதற்குள் சத்தமில்லாமல் போன தண்ணீரும் கண்ணில் வந்தன. வர வேண்டியது எல்லாம் வந்துவிட்டது என்று இவருக்கு யார் சொன்னது? வெளியூர்க்காரி நான் வாயைத் திறப்பதா என்று தயங்கினேன்.

செல்வராஜ் எழுந்தார். போர்வையைத் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“ஐயா, எனக்குப் பயமா இருக்கு” என்றார். முழக்கமே இல்லை. முன்வரிசையில் இருந்தவர்களுக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். “நான் ஏறல.”

“என்ன கங்காணி, நீங்களே இப்படிச் சொன்னா மத்தவங்க?”

“நான்தானே ஐயா சொல்லணும். லயத்துக்கு மேல இன்னும் வெடிப்பு இருக்கு. அது கீழ வரல. எனக்குப் பயமா இருக்கு.”

பின்னாலிருந்து ஒருவர், “எனக்கும்தான்” என்றார். பிறகு இன்னொருவர். பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், யார் என்ன சொன்னார் என்று தெரியவில்லை. அதிகாரி போனில் யாரிடமோ சிங்களத்தில் பேசிக்கொண்டே இறங்கிப் போனார். “இவங்க மேல ஏற மாட்டேங்குறாங்கன்னு சொல்றாரு” என்று ஆதம் நானா என் காதில் சொன்னார். ராணி தன் மூட்டையை முதல் ஆளாக அவிழ்த்தாள்.

ரோட்டை வெட்டித் திறந்ததும் நான் கிளம்பினேன். ஒலிப்பதிவை முடிக்கவில்லை. அதைப் பற்றிப் பேசவும் யாருக்கும் தோன்றவில்லை. இறங்குகிற வழியெல்லாம் ஒவ்வொரு வளைவிலும் மண்சுவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்தேன். பாளையங்கோட்டைக்கு வந்த பிறகும், தெருவில் லொறி ஜல்லி கொட்டினால் நாற்காலியை விட்டு எழுந்துவிடுகிறேன்.

வந்து ஒரு வாரம் இருக்கும், ஆதம் நானா போன் செய்தார். மறுபடியும் இரண்டு நாள் மழையாம். லயத்தின் மேற்குப் பக்கத்துக் காம்பராக்கள் மண்ணுக்குள் போய்விட்டனவாம். நடுக் காம்பராவின் சுவரும் விழுந்துவிட்டதாம். உள்ளே ஒருவரும் இல்லை.

“செல்வராஜ் எங்க நானா?” என்றேன்.

“ஸ்கூல்லதான் மிஸ். நான் இப்ப அங்கதான் நிக்கிறேன். அந்தா, மேசைக்கிட்ட நின்னு எல்லாருக்கும் பாண் வெட்டிக்கிட்டு இருக்காரு.”